மானும் நிலமும்: ரெக்சாஸ் மாநிலத்து மான் முகாமை அனுமதிகள்

காட்டிலே தன்னிச்சையாகத் திரியும் மானுக்கு உடையவர் யாவர் என்னும் வினா மிகப் பழையது. நோர்மானியர் ஆண்ட இங்கிலாந்தில் அரச வனத்து மான் அரசனுக்கே உரியதாயிருந்தது. மானைக் கொன்ற குற்றத்திற்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழத்தல் ஆகாது என்று 1217ஆம் ஆண்டின் வனப் பட்டயம் விதித்ததிலிருந்தே, அதற்கு முன்னர் வழங்கிய தண்டனையின் கொடுமை நன்கு புலனாகும். இங்கிலாந்தினின்றும் அமெரிக்காவிற் குடியேறியோர் தாய்நாட்டுச் சட்டத்திற் பெரும்பகுதியைக் கொண்டு சென்றனராயினும், காலப்போக்கில் இவ்வழக்கைக் கைவிட்டனர். வனவிலங்கு பொதுமக்களுக்குரியது, அரசாங்கம் அதன் காவலர் மாத்திரமே என்பது அங்கு நிலைபெற்ற கொள்கையாயிற்று.

கொல்லாமையைத் தலையாய அறமெனப் போற்றும் நமக்கு வேட்டை உவப்பான பொருளன்று. எனினும், பொதுமக்களுக்குரிய ஒரு செல்வம் தனியார் நிலத்தில் வாழுமாயின் அதனைப் பேணுவதும் பகிர்வதும் எவ்வாறு என்னும் ஆட்சியியல் வினா இதனுள் அடங்கியிருத்தலின், இஃது ஆராய்தற்குரியதே.

இவ்வினாவைத் தெளிவுறக் காட்டும் நாடு ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலமாகும். ஏறக்குறைய 17 கோடி ஏக்கர் பரப்புடைய அம்மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நிலம் தனியாருடையது. அங்கே 50 இலட்சத்திற்கு மேற்பட்ட வெண்வால் மான்கள் வாழ்கின்றன. மாநிலச் சட்டத்தின்படி அம்மான்கள் யாவும் மக்களின் உடைமை. ஆயின், நிலக்காரரின் இசைவின்றி அவர் நிலத்துள் எவரும் நுழைதலாகாது. எனவே மான் பலருக்குரியதாகவும், அதனை அணுகும் வழி சிலரது கையிலுள்ளதாகவும் அமைந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரையறையற்ற வேட்டையினால் அம்மான்கள் பல பகுதிகளில் அருகிப்போயின. பின்னர் வேட்டைச் சட்டங்கள் இறுகின. மான்கள் பிடிக்கப்பட்டு வேறிடங்களிற் குடியேற்றப்பட்டன. மான் மறிகளைக் கொன்றுவந்த ஒருவகை ஈப்புழு, மலடாக்கப்பட்ட ஆண் ஈக்களைப் பரப்பும் முறையினால் 1960களிற் பெரிதும் அடக்கப்பட்டது. இவற்றின் பயனாக மான்தொகை பெருகிற்று. பிணைமான் ஏறக்குறைய இருநூறு நாள் சினைகொண்டு, நல்ல மேய்ச்சல் உள்ளவிடத்துப் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளை ஈனும். ஓநாய் முதலிய பகைவிலங்குகள் அற்றுப்போன நிலத்தில் இப்பெருக்கம் அளவு கடந்தால், மரஞ்செடிகளின் தளிர் அழியும். மான்களும் பசியால் மெலியும். ஆகவே, ஆண்டுதோறும் ஒரு பகுதியை, சிறப்பாகப் பிணைகளைக் குறைத்தல் வேண்டுமென உயிரியல் அறிஞர் கூறுவர்.

நிலக்காரர்க்கு ஏதேனும் நன்மை இல்லாவிடின் அவர் மக்களின் மானைத் தம் நிலத்திற் பேணுதற்கு முன்வாரார். இவ்வுண்மையை உணர்ந்து, அல்டோ லியோபோல்ட் என்பாரைத் தலைவராகக் கொண்ட குழுவொன்று, நிலக்காரரை மக்களின் விலங்குகளுக்குக் காவலராக ஏற்று அவர்க்குக் கைம்மாறு அளித்தல் வேண்டுமென 1930ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தது. ரெக்சாசில் இன்று வழங்கும் தனியார் நில மான் முகாமைத் திட்டம் இக்கருத்தின் வழிவந்ததே எனலாம். 2017ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்ட இத்திட்டம் இருவகைப்படும். ஒன்றிலே, நிலத்தின் பரப்பும் இருப்பிடமும் முதலியவற்றைக் கொண்டு வேட்டைச் சீட்டுகளின் தொகை கணிக்கப்படும். மற்றதிலே, அரசாங்க உயிரியல் அறிஞர் அந்நிலத்திற்கென்றே அறிவுரை வழங்குவர். நிலக்காரர் மான்களைக் கணக்கிட்டு அறிவிப்பதோடு, அவற்றின் வாழிடத்தைச் செம்மைப்படுத்தும் பணிகளையும் ஆற்றல் வேண்டும்.

இனி, இதனால் வேட்டை வாய்ப்பு எவ்வாறு மாறுபடுகின்றது என்பதை நோக்குவாம். பொதுவான துப்பாக்கி வேட்டைக்காலம் நவம்பர் தொடக்கத்திலிருந்து சனவரி வரை, ஏறக்குறைய இரண்டு மாதமே நீடிக்கும். இத்திட்டத்திற் சேர்ந்த நிலத்திலோ, சில வரையறைகளுக்கு உட்பட்டு, ஒக்டோபர் அளவிலிருந்து பெப்ரவரி இறுதிவரை ஐந்து மாதம் வேட்டையாடலாம். பொது விதியின்படி ஒருவர் ஓராண்டில் ஐந்து வெண்வால் மான்களுக்கு மேற் கொல்லலாகாது. அவற்றுட் கலைமான்கள் மூன்றுக்கு மேற்படலாகா. திட்டத்தின் சீட்டுகளைக் கொண்டு கொல்லப்படும் மான்களோ இக்கணக்கிற் சேரா. ஆளுக்கு வகுத்த அளவு நீங்கி, நிலத்திற்கு வகுத்த அளவு அதனிடத்தைப் பெறுகின்றது. எனவே, நாளும் மானும் ஒருங்கே பெருகுகின்றன என்பது தெளிவு.

ஆயின், இப்பெருக்கம் யாருக்கு? சீட்டுகள் நிலத்துக்கே வழங்கப்படுதலின், அவற்றைப் பிறர்க்கு அளிப்பவர் நிலக்காரரே. அவர் தம் சுற்றத்தார்க்கு அளிக்கலாம். வேட்டைக் குத்தகை எடுத்தார்க்கும் அளிக்கலாம். காலம் நீளுந்தோறும் குத்தகையின் மதிப்பும் உயரும். பெருங்கொம்புடைய கலைமானை நாடுவோர் பெருந்தொகை கொடுப்பர்; கைப்பொருள் குறைந்தவர் வேலிக்கு வெளியே நிற்பர். உயர்வேலி சூழ்ந்த நிலத்தினுள் காட்டு மான்களைச் சிறிது காலம் அடைப்பில் வைத்து இனம்பெருக்க இடமளிக்கும் வேறோர் அனுமதியும் அங்குண்டு. இவ்வாறு வேலியுள் வாழும் மானும் சட்டப்படி மக்களுடையதே. நடைமுறையிலோ அது பண்ணை விலங்கை ஒத்ததாகின்றது.

மான்களை அடைத்து வைத்தலும் இடம்பெயர்த்தலும் நோய்க்கும் இடந்தரும். மான்களை மெலிவித்துக் கொல்வதும் மருந்தற்றதுமாகிய மூளைநோய் ஒன்று ரெக்சாசில் 2012ஆம் ஆண்டு மேற்கெல்லையின் காட்டு மான்களிடத்தும், 2015ஆம் ஆண்டு அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடத்தும் காணப்பட்டது. அதன்பின் மான்களை இடம்பெயர்க்கும் விதிகள் கடுமையாயின.

நிலமற்றோர்க்கு அரசாங்கம் முற்றிலும் வாயிலடைத்துவிட்டதென்றும் கூறலாகாது. சிறு கட்டணத்தில் ஓராண்டுப் பொதுவேட்டை அனுமதி பெற்றவர்க்கு ஏறக்குறைய 10 இலட்சம் ஏக்கர் நிலம் திறந்துள்ளது. திருவுளச்சீட்டு மூலம் வேட்டை வாய்ப்பு அளிக்கும் முறையும் உண்டு. ஆயினும், 17 கோடியோடு ஒப்பிடுங்கால் 10 இலட்சம் மிகச் சிறிதே.

ஆதலால், இவ்வனுமதிகளை முற்றாகப் புகழ்தலும் இகழ்தலும் பொருந்தா. அருகிய மான் பெருகியதும், பெருகிய மான் நிலத்தை அழியாது காக்கப்படுவதும் நிலக்காரரின் ஒத்துழைப்பின்றி இயலா. எனினும், சீட்டுகளின் தொகையை மட்டும் எண்ணி வேட்டை வாய்ப்புப் பெருகிற்றென்று மகிழ்தல் போதாது. அச்சீட்டு எத்தனை பேர் கையை அடைந்தது என்பதையும் எண்ணுதல் வேண்டும். நிலமற்றோர்க்கும் சிறாருக்கும், சிறப்பாகக் குறைத்தற்குரிய பிணைமான் சீட்டுகளிலே, ஒரு பங்கு ஒதுக்கும் நிலக்காரர்க்கு அரசாங்கம் சலுகை காட்டுமாயின், மான் மக்களுடையது என்னும் சட்டவாக்கியம் நடைமுறையிலும் பொருளுடையதாகும்.