கைமாறும் கதைகள்: இரும்புக்கை மாயாவி முதல் அம்புலிமாமா வரை

ஒரு கதையைப் படைத்தவர் ஒருவர். அதனை அச்சிட்டவர் மற்றொருவர். விலை கொடுத்து உரிமை பெற்றவர் பிறிதொருவர். படித்து மகிழ்ந்தவரோ எண்ணற்றோர். இவர்களுள் கதை யாருக்குச் சொந்தம் என்னும் வினாவிற்குச் சட்டம் ஒரு விடை கூறும். வாசகர் நெஞ்சம் வேறொரு விடை கூறும். ஏனைய நாள்களில் இவ்விரு விடைகளும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஒரு பெருநிறுவனம் மற்றொரு நிறுவனத்தை முழுமையாக விலைக்கு வாங்கும் நாளில்தான் வேற்றுமை வெளிப்படுகின்றது. அத்தகைய நாள்களில், சிறப்பாக அறிவியல் புனைகதைகளின் அன்பர்கள் எழுப்பும் குரல் எத்தகையது, அதில் நியாயம் எவ்வளவு என்பதை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். சிறுவர் படக்கதைகள் தமிழ்த்துறை மலருக்கு உரிய பொருளோ என ஐயுறும் பெரியோர் இருக்கலாம். தமிழ்ச் சிறுவர் பல்லாயிரவர்க்கு வாசிப்பின் வாயில் திறந்தது அவ்விடத்தில்தான் என்பது ஒன்றே அவர்க்கு நாம் கூறும் விடை.

முதற்கண் உலகறிந்த ஒரு நிகழ்ச்சி. 1977ஆம் ஆண்டில் ஜார்ஜ் லூகாஸ் இயக்கத்தில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' என்னும் விண்வெளித் திரைப்படம் தொடர்ந்து பல படங்களாக விரிந்தது. படங்கள் வாராத நீண்ட இடைவெளியில் அக்கதையை வாழவைத்தவை நாவல்களும் படக்கதைகளுமே. 2012 அக்டோபரில் டிஸ்னி நிறுவனம் லூகாஸின் நிறுவனத்தை 405 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, புதிய படங்கள் வரும் என்னும் மகிழ்ச்சியும் பழையன என்னாகும் என்னும் அச்சமும் ஒருங்கே எழுந்தன. அச்சம் வீண்போகவில்லை. 2014 ஏப்ரலில், அந்நாள்வரை வெளிவந்த நாவல்களும் படக்கதைகளும் கதையின் அதிகாரபூர்வ வரலாற்றில் சேரமாட்டா. அவை 'பழங்கதைகள்' என்னும் முத்திரையோடு தனியே விற்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. நாவல்களில் கதைத்தலைவன் லூக் மணம் புரிந்திருந்தான். அவன் தோழருள் ஒருவர் உயிர் துறந்திருந்தார். இவையெல்லாம் ஓர் அறிக்கையால் நிகழாதவை ஆயின. நூல்கள் அலமாரியில் அப்படியே இருந்தன. ஓர் எழுத்தும் அழியவில்லை. இருந்தும் தம் வாழ்வின் ஒரு பகுதியையே யாரோ அடித்துவிட்டதாக அன்பர்கள் கொதித்தனர். இது சிறுபிள்ளைத்தனம் என்று நகைத்தவர்களும் உண்டு. நாம் நகைக்கமாட்டோம். உணர்ச்சி மெய்யானது, எனினும் அது குறிவைத்த இடம் சரியானதா என்பதே நம் வினா.

ஒருவர் தொடங்கியதை வேறொரு கை தொடர்வது தமிழுக்குப் புதிதன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை முற்றக் கூறாமல் நின்றது. பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா பாடி அதனைத் தொடர்ந்தார். கற்றோர் இரண்டையும் ஏற்றுக்கொண்டனர். அன்றியும், வள்ளல் சீதக்காதியின் விருப்பத்தால் தொடங்கப்பெற்ற அக்காப்பியம், அவர் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் வளர்ந்தது. புரவலர் மாறினார், ஆயினும் முன்பு பாடிய பாடல்கள் செல்லா என்று அறிவிக்கும் அதிகாரம் புதிய புரவலர்க்கு இல்லை. அவர் அளித்தது ஆதரவு, வாங்கியது உரிமையன்று. இன்றைய பெருநிறுவனத்திற்கும் அன்றைய வள்ளலுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இனி நம் நாட்டுச் செய்திக்கு வருவோம். 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. ஆய்வுக்கூட விபத்தொன்றில் வலக்கையை இழந்து எஃகுக்கை பொருத்திக்கொண்ட ஓர் உதவியாளன், மற்றொரு விபத்தில் மின்சாரம் பாய்கின்றது, உடல் மறைகின்றது, எஃகுக்கை மட்டும் காற்றில் மிதக்கின்றது. முதலில் தீயவழியிற் செல்லும் அவன், பின்னர் நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் ஒற்றனாகின்றான். மின்சாரம் அச்சமும் வியப்புமாக இருந்த ஊர்களில், மின்கம்பியைத் தொட்டவுடன் மறையும் மனிதன் எத்துணைப் பெரிய கற்பனையாக இருந்திருப்பான் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகள் மின்சாரப் பெட்டியருகே செல்லாதிருக்கப் பெற்றோர் பட்ட பாடு தனிக்கதை!

நம் ஆரணியிலும் பழைய புத்தகக் கடைக்கயிற்றில் தொங்கியும், வாடகை நூலகத்தில் அட்டை கிழிந்தும், தறி ஓடும் வீடுகளின் திண்ணைகளில் கைமாறியும் மாயாவி வாழ்ந்தான். தொண்ணூறுகளில் சிறுவராயிருந்த நம் தலைமுறைக்கு அவன் சிவகாசிக்காரன், மிஞ்சினால் சென்னைக்காரன். அவன் 1962ஆம் ஆண்டில் இலண்டனில் 'வாலியண்ட்' என்னும் வார இதழில் பிறந்தவன் என்பதோ, அவனை முதலில் எழுதியவர் கென் புல்மர் என்பதோ, வரைந்தவர் ஜெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானியர் என்பதோ நமக்குத் தெரியாது. தெரியாமற்போனதற்குக் காரணம் நம் அறியாமை மட்டுமன்று. அந்நாளைய ஆங்கில வார இதழ்கள் எழுதினோர் பெயரையும் வரைந்தோர் பெயரையும் பொதுவாக அச்சிடுவதேயில்லை. பக்கத்திற்கு இவ்வளவு என்று கூலி. அத்தோடு உறவு முடிந்தது.

இதனை ஆரணியில் உள்ளோர்க்கு விளக்கவேண்டிய தேவையில்லை. கூலிக்கு நெய்பவர்க்குப் பட்டும் ஜரிகையும் முதலாளி தருகின்றார். ஜக்கார்டு பெட்டியில் ஏறும் அட்டைகளின் துளைகளில் மயிலும் மாங்காயும் உறங்குகின்றன. பணம் கொடுத்து அட்டை வெட்டுவித்தவருடையது அவ்வடிவம். நெய்து முடித்த புடவை ஏதோ ஒரு நகரத்துக் கடையின் பெயர் பொறித்த பெட்டியில் மணமேடைக்குச் செல்கின்றது. அப்புடவையைப் போற்றிப் பாதுகாக்கும் பெண்மணி கடையின் பெயரை நினைவில் வைத்திருப்பார். முந்தானையில் நெய்தவர் பெயர் எங்கும் இராது.

படக்கதை உலகில் இதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. இக்கட்டுரையில் நாம் பெரிதாகக் கருதுவதும் அதுவே. 1984இல் தொடங்கப்பெற்ற லயன் காமிக்ஸின் வாசகர்களைக் கிறங்கவைத்தவன் ஸ்பைடர் என்னும் குற்றச் சக்கரவர்த்தி. வலைத்துப்பாக்கி ஏந்தி, ஹெலிகார் என்னும் பறக்கும் ஊர்தியில் ஏறிவரும் அவனை 1965இல் டெட் கோவன் என்பவர் ஆங்கில இதழ் ஒன்றிற்காகப் படைத்தார். விரைவிலேயே எழுதும் பொறுப்பு வேறொருவர்க்குச் சென்றது. அவர் ஜெரி சீகல். நண்பர் ஜோ ஷூஸ்டருடன் சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். இருபதுகளின் தொடக்க வயதில் இருந்த அவ்விருவரும் 1938இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். வெளியீட்டாளர் செல்வத்தில் மிதந்தனர். படைத்தவர்கள் வழக்குமன்றம் ஏறி இறங்கினர். 1975ஆம் ஆண்டின் இறுதியில், பொதுமக்களின் குரல் உயர்ந்தபின்னரே, ஆண்டு ஊதியமாக ஒரு தொகையும் படைப்பாளர் என்னும் பெயர்க்குறிப்பும் அவர்க்குக் கிடைத்தன. இடைப்பட்ட அறுபதுகளில், தம் மகனைப் பறிகொடுத்த தந்தை பிறர் மகனை வளர்ப்பதுபோல, இலண்டன் இதழிற்காகப் பெயரின்றி ஸ்பைடரை எழுதினார் சீகல். அதுவே இருபதாண்டு கழித்துத் தமிழாகி நம்மிடம் வந்து சேர்ந்தது.

ஆகவே, புதிய நிறுவனம் வந்து கதையைக் கவர்ந்துகொண்டது என்று அன்பர்கள் குமுறும்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. முதற் கவர்தல் எப்போது நிகழ்ந்தது? பெரும்பாலும் முதல் இதழ் வெளிவருவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. நாம் நெஞ்சில் வைத்துப் போற்றிய பழைய நிறுவனமும் அவ்வாறு பெற்றதே. வாசகர் கோபம் கடைசி விற்பனையை மட்டும் காண்கின்றது.

மாயாவியின் பின்வரலாறு இதற்குப் பொருந்துகின்றது. அவனை வெளியிட்ட ஃப்ளீட்வே, ஐபிசி என்னும் பெருநிறுவனத்துள் அடங்கியது. 1987இல் அதன் படக்கதைப் பிரிவு ராபர்ட் மாக்ஸ்வெல் கைக்குச் சென்றபோது, 1970க்கு முற்பட்ட தொடர்களிற் பெரும்பாலானவை பழைய நிறுவனத்திடமே தங்கிவிட்டன. தங்கியவை பெரிதும் உறங்கின. அமெரிக்க நிறுவனம் ஒன்று இசைவு பெற்று 2005இல் வெளியிட்ட 'ஆல்பியன்' என்னும் தொடரில், இம்மறந்துபோன நாயகர்கள் அரசின் இரகசியச் சிறையொன்றில் அடைபட்டிருப்பதாகக் கதை அமைந்தது. பெட்டகத்துள் பூட்டப்பட்ட உரிமைகளுக்கு அதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. அக்காலத்திலும் சிவகாசியில் மாயாவி மறுபதிப்பாக வந்துகொண்டிருந்தான் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. பிறந்த நாடு மறந்த பிள்ளையை வளர்த்த நாடு மறக்கவில்லை. முத்து காமிக்ஸ் 2022இல் ஐம்பதாம் ஆண்டைக் கண்டது.

2018ஆம் ஆண்டில் அப்பழைய சேமிப்பை விலைக்கு வாங்கியது ரெபெலியன். ஆக்ஸ்போர்டில் கணினி விளையாட்டுகள் செய்து விற்கும் நிறுவனம் அது. கதைக்கு விளையாட்டு வணிகர் உரிமையாளரா என்று அன்பர்கள் முகஞ்சுளித்திருக்க வேண்டும். அவ்வாறு பெரிதும் நிகழவில்லை. '2000 ஏடி' என்னும் அறிவியல் புனைகதை வார இதழை 2000ஆம் ஆண்டில் வாங்கி, தொய்வின்றி நடத்திய நற்பெயர் அந்நிறுவனத்திற்கு இருந்தது. மாயாவியின் பழைய பக்கங்கள் தொகுப்பு நூல்களாக வந்தன. புல்மர், பிளாஸ்கோ பெயர்களும் நூலில் இடம்பெற்றன. வாங்குவது என்னும் செயலே தீதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எதிர்ச்சான்றோ நம் வீட்டு முற்றத்திலேயே உள்ளது. அம்புலிமாமாவை அறிவியல் புனைகதை என யாரும் கூறார். எனினும் பூதமும் பறக்கும் கம்பளமும் காட்டி, விண்கலக் கதைகளுக்கு நம் மனத்தைப் பண்படுத்தியது அதுவே. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அவ்விதழ், பின்னர்ப் பன்னிரண்டுக்கு மேற்பட்ட மொழிகளில் பரவியது. 1998இல் நிறுவனச் சிக்கலால் நின்று, அடுத்த ஆண்டில் மீண்டது. 2007இல் மும்பையைச் சார்ந்த ஜியோடெசிக் என்னும் மென்பொருள் நிறுவனம் அதனை வாங்கியது. தோற்றம் மாறியது, விளையாட்டு, தொழில்நுட்பம், இக்காலக் கதைகள் எனப் பக்கங்கள் மாறின. பழைய வாசகர் வருந்தியது இம்மாற்றத்திற்காகவே. வேதாளத்தின் அருகில் கணினி எதற்கு என்று கேட்டோருள் நாமும் இருந்தோம்.

ஆனால் உண்மையான இடர் அட்டைப்படத்தில் இல்லை. நிறுவனத்தின் கணக்கேட்டில் இருந்தது. ஜியோடெசிக் 2013இல் வெளிநாட்டுக் கடன்பத்திரங்களுக்குரிய பணத்தைத் திருப்பித்தர இயலாது நின்றது. 2014இல் அதனைக் கலைத்துவிடுமாறு மும்பை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்கு முன்பே இதழ் நின்றுவிட்டது. பழைய இதழ்களை வைத்திருந்த இணையதளமும் நாளடைவில் அற்றுப்போயிற்று. அறுபதாண்டுக் கதைகள், கடனாளி நிறுவனம் ஒன்றன் சொத்துப் பட்டியலில் ஓர் உருப்படியாயின. தோற்றம் மாறிய அம்புலிமாமாவைக் கண்டு சினந்தோம். அம்புலிமாமாவே இல்லாத நாளில் சினங்கொள்ள யாரும் எதிரில் இல்லை.

அந்நாளில் உதவியவர்கள் அன்பர்களே. பரண்மேல் கிடந்த இதழ்களை இறக்கித் துடைத்து, பக்கம் பக்கமாக ஒளிவருடி, விட்டுப்போன மாதங்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தனர். சட்டத்தின் கண்ணில் அச்செயல் முழுதும் குற்றமற்றது என்று நாம் கூறமாட்டோம். உரிமைச் சட்டம் இவ்விடத்தில் வாசகர்க்கு ஒரு வழியும் விடவில்லை என்று மட்டும் கூறுவோம். விலைக்கு வாங்கிய பொருளைப் பூட்டிவைக்கும் உரிமை வணிகத்தில் உண்டு. நூலுக்கும் அவ்வுரிமை அப்படியே பொருந்துமா என்பதை அறிஞர்கள் ஆராயவேண்டும். அம்புலிமாமாவில் கதை எழுதியோர் பெயர்களும் பெரும்பாலும் அச்சாவதில்லை. தெலுங்குப் பதிப்பை 1952 முதல் 1980இல் மறையும்வரை பேணிய கொடவடிகண்டி குடும்பராவ் எவ்வளவு எழுதினார் என்பது ஆய்வாளர் தேடிக் கண்டறியவேண்டிய நிலையில் உள்ளது. இதழ்கள் கிடைக்காவிடில் அத்தேடலுக்கும் வழியில்லை.

விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கும் படத்தைத் தலைமுறைகளின் கண்ணில் பதித்தவர் சங்கர் என்னும் கே. சி. சிவசங்கரன். நிறுவனம் கைமாறியபின்னரும், எண்பது வயதைக் கடந்தும், இதழ் நிற்கும்வரை அவர் வரைந்துகொண்டிருந்தார். 2020 செப்டம்பரில் தம் தொண்ணூற்றேழாம் வயதில் மறைந்தார். மறைவுக்குப் பின், 2021இல், அரசு அவர்க்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அவர் அரை நூற்றாண்டுக்கு மேல் வரைந்த இதழ் அப்போது அச்சில் இல்லை.