குளிர்ப்பெட்டியின் ஆயுள் எதில் இருக்கிறது?

சித்திரை மாதம், கத்திரி வெயில். திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் ஒன்றான சந்தவாசலில் ஒரு நெசவாளர் வீட்டை எண்ணிப் பாருங்கள். பல மாதங்கள் சேர்த்த கூலிப் பணத்தில் ஒரு குளிர்ப்பெட்டி வாங்கப் போகிறார்கள். பாட்டிக்கு இன்சுலின் மருந்து தேவை. திறக்காத மருந்துப் புட்டிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. எனவே பெட்டி அடிக்கடி பழுதாகாமல், பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். கடையில் வரிசையாக நிற்கும் பெட்டிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலே இதற்கு உதவும்.

வெப்பத்தை இறைக்கும் பம்பு

ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கிறதல்லவா? ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தை ஸ்பிரிட் உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். குளிர்ப்பெட்டியிலும் இதே தத்துவம்தான். உட்புறக் குழாயில் ஒரு திரவம் ஆவியாகி, உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் இழுத்து அமுக்குகிறது. காற்றடிக்கும்போது சைக்கிள் பம்பு சூடாவதுபோல, அமுக்கப்பட்ட ஆவியும் சூடாகிறது. பின்புறமுள்ள கறுப்புக் குழாய்களில் ஓடும்போது அது வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு மிக மெல்லிய குழாய் ஒன்றின் வழியே சென்று, அழுத்தம் குறைந்து, மறுபடியும் ஆவியாகிறது. இப்படியே சுற்று தொடர்கிறது.

ஆக, கம்ப்ரஸரே பெட்டியின் இதயம். அதற்கு வேலைப்பளு குறைந்தால் ஆயுள் கூடும். பளுவைக் கூட்டுபவை மூன்று: உள்ளே கசியும் வெப்பம், வெளியேற முடியாத வெப்பம், குறைந்த மின்னழுத்தம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உள்ளே கசியும் வெப்பம்

சென்னை மெரினா கடற்கரைக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டப்பட்டது. இந்த வாணிபத்தை நடத்தியவர் ஃபிரெடரிக் டியூடர். 1833-ல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதல் கப்பலில் சுமார் 180 டன் பனிக்கட்டி ஏற்றப்பட்டது. நான்கு மாதப் பயணத்துக்குப் பின்னும் ஏறத்தாழ 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது! எந்த இயந்திரமும் இல்லாமல் இது எப்படி முடிந்தது? மரத்தூள் போன்ற, வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள்களே பனிக்கட்டியைக் காத்தன.

இன்றைய பெட்டியின் சுவருக்குள் மரத்தூளின் வேலையைச் செய்வது பாலியூரிதேன் நுரை. இந்தக் காப்பு நன்றாக இருந்தால் மின்சாரம் நின்ற பிறகும் சில மணி நேரம் குளிர் தங்கும். கதவின் ரப்பர் பட்டையையும் கவனியுங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் இறுக்கமாகப் பிடிபட்டிருந்தால் நல்லது. தானாக நழுவினால் அவ்வழியே வெப்பமும் நுழையும்.

வெளியேற முடியாத வெப்பம்

சுற்றிலும் 40 டிகிரி வெயில் இருந்தால், கறுப்புக் குழாய்கள் வெப்பத்தை விடுவது கடினம். ஆகவே பெட்டியின் பின்னாலோ உள்ளேயோ உள்ள தகட்டைப் படியுங்கள். தட்பவெப்ப வகையைக் குறிக்கும் ஆங்கில எழுத்து அதில் இருக்கும். ‘என்’ என்றால் 32 டிகிரி வரை, ‘எஸ்.டி.’ என்றால் 38 வரை, ‘டி’ என்றால் 43 டிகிரி வரையுள்ள அறைக்கு ஏற்றது. நம் ஊர்க் கோடைக்கு ‘டி’ வகையே பொருந்தும்.

வாங்கிய பிறகு அதை அடுப்பருகே வைக்காதீர்கள். சுவரை ஒட்டாமல் நான்கு விரற்கடையாவது இடம் விடுங்கள். கறுப்புக் குழாயில் படியும் தூசியை அவ்வப்போது துடையுங்கள். துடைக்குமுன் மின் இணைப்பைத் துண்டிக்க மறக்க வேண்டாம்.

குறைந்த மின்னழுத்தம்

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். மாலையில் எல்லோரும் விளக்கும் மோட்டாரும் போடும்போது அது 160-க்கு இறங்குவதாகக் கொள்வோம். சாதாரணக் கம்ப்ரஸர் மோட்டாரின் தொடக்க முறுக்குத் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 160-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.7, அதன் வர்க்கம் 0.49. அதாவது மோட்டாரின் பலம் பாதியாகிவிடுகிறது! சுழல முடியாமல் திணறும் மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிறது. அப்போது ‘டிக், டிக்’ என்று கேட்பது பாதுகாப்புக் கருவி மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓசை. இது தொடர்ந்தால் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகும்.

இதற்குத் தக்க ஸ்டெபிலைசர் நல்ல காவல். மின்சாரம் போய் வந்ததும் மூன்று நிமிடமாவது காத்திருந்து கம்ப்ரஸரை ஓட்டுவது அதன் மற்றொரு பயன். அதற்குள் குழாய்களில் அழுத்தம் சமப்பட்டுவிடும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர்கள் பலவும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு தாங்குகின்றன. எனினும் அவற்றின் மின்னணுப் பலகை பழுதானால் செலவு மிகுதி. ‘பத்தாண்டு உத்தரவாதம்’ என்பது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டுமே. பலகை, கேஸ் நிரப்புதல் ஆகியவை அதில் அடங்குமா என்று கேளுங்கள்.

எதை வாங்கலாம்?

ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பெரும்பாலும் நேரடியாகக் குளிர்விப்பவை. உறைபனியை அவ்வப்போது கரைக்க வேண்டும். ஆனால் உறுப்புகள் குறைவு, பழுதும் குறைவு. உறைபனி படியாத வகையில் விசிறியும் பனி கரைக்கும் ஹீட்டரும் உண்டு. வசதி அதிகம், கெடக்கூடியவையும் அதிகம். சிறு குடும்பத்துக்கு முதல் வகையே போதும். மாதக்கணக்கில் உணவை உறையவைக்க விரும்புவோர், -18 டிகிரியைத் தரும் தனி உறைபெட்டி உள்ளதைத் தேடட்டும்.

பழைய பெட்டிகளிலிருந்த ஆர்-12 என்னும் வாயு, ஓசோன் படலத்தை அரித்தது. 1987-ன் மாண்ட்ரீல் உடன்படிக்கைக்குப் பின் அது படிப்படியாக விலக்கப்பட்டது. இப்போது பல பெட்டிகளில் ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் இருக்கிறது. ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆனால் தீப்பற்றக்கூடியது. பயிற்சி பெற்றவரே பழுது பார்க்க வேண்டும்.

2006-ல் தொடங்கிய நட்சத்திர முத்திரைத் திட்டத்தின் சீட்டில், ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று அச்சிட்டிருக்கும். ஒன்றில் 200, மற்றொன்றில் 300 என்றால், பதினைந்து ஆண்டுகளில் வேறுபாடு 1,500 யூனிட். விலை வேறுபாட்டோடு இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெட்டி வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். நடுத்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரில் வெப்பமானியை இட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். 4 அல்லது 5 டிகிரி காட்டுகிறதா? பாட்டியின் மருந்துக்கு ஏற்ற இடம் அதுதான். உறைபெட்டியை ஒட்டியும் வேண்டாம். அடிக்கடி திறந்து சூடேறும் கதவிலும் வேண்டாம்.