உலர்களம் முதலில், ஆலை பிறகு: ஏழாயிரம்பண்ணைக்கு ஒரு கணக்கு

ஏழாயிரம்பண்ணை கடைத்தெருவில் வியாபாரம் எப்படி என்று விசாரித்தால், "வெடி ஆபீஸ் ஓடுதா இல்லையா, அதைப் பொறுத்துத்தான்" என்பார்கள். மளிகைக் கடை, டீக்கடை, வேன் வாடகை, சீட்டுப் பணம் எல்லாம் அந்தக் கூலியில்தான் நிற்கின்றன. வெம்பக்கோட்டை வட்டத்தில் பல ஊர்களுக்கு இதே கதைதான்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தது. டெல்லியின் காற்று மாசுக்காகப் போட்ட வழக்கு. இங்கே கூலி குறைந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பட்டாசுத் தொழிலை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. மானாவாரி பொய்த்த வருஷங்களில் அடுப்பை எரியவைத்தது அந்தக் கூலிதான். ஆனால் ஓர் ஊர் முழுவதும் ஒரே தொழிலை நம்பி இருப்பது ஆபத்து.

வழி தேடி வெகுதூரம் போகவேண்டாம். சிவகாசியைப் பாருங்கள். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, அதனால் அச்சகம் வந்தது. மருந்து கலக்கப் பழகிய ஊர் பட்டாசுக்குப் போயிற்று. லேபிள் அடித்த அச்சகங்கள் காலண்டரும் நோட்டுப் புத்தகமும் அடித்து வெளியூருக்கு அனுப்பின. ஒரு தொழிலின் தேவையில் இருந்தே அடுத்த தொழில் முளைத்தது. யாரோ பெரிய கம்பெனி வந்து ஆலை கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

ஏழாயிரம்பண்ணையைச் சுற்றி இருப்பது கரிசல் மண். மக்காச்சோளம், உளுந்து, பாசி, பருத்தி, குதிரைவாலி. மக்காச்சோளம் நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. குதிரைவாலி மூட்டையாகப் போய், அரிசியாகப் பாக்கெட்டில் திரும்பி வருகிறது. விளைவித்தவரே அதைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறார்.

"அப்படியானால் ஒரு உமி நீக்கும் ஆலை போடலாமே" என்று கேட்கும் இளைஞர்கள் நிறைய. போடலாம், ஆனால் முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். மணிக்கு 300 கிலோ அரைக்கும் இயந்திரம் தினம் 8 மணி நேரம், வருஷத்தில் 200 நாள் ஓடினால் 480 டன் தானியம் வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 600 கிலோ விளைச்சல் என்று வைத்தால் 800 ஏக்கர் குதிரைவாலி. அத்தனை ஏக்கர் உங்கள் சுற்று வட்டாரத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் சிறிய இயந்திரம் வாங்குங்கள், அல்லது சாமை, தினை, வரகும் சேர்த்து அரைக்கத் திட்டமிடுங்கள். மானியம் கிடைக்கிறதே என்று பெரிய இயந்திரம் வாங்கி, பாதி நாள் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கும் கொட்டகைகளைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன்.

என்னைக் கேட்டால் முதல் செலவு ஆலைக்கு இல்லை, சிமென்ட் உலர்களத்துக்கும் கல் நீக்கும் இயந்திரத்துக்கும்தான். நம் பக்கம் தார் ரோட்டில் கதிரைப் பரப்பி, வண்டி ஏற்றி அடிக்கிறோம். மண்ணும் கல்லும் கலந்த தானியத்துக்கு வியாபாரி விலையைக் குறைக்கிறார், குறைக்கத்தான் செய்வார். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே காய்ந்து, சுத்தமான தானியம் இருப்பு வைக்கத் தாங்கும். உமி நீக்கிய அரிசி அப்படித் தாங்காது, சீக்கிரம் வண்டு விழும், சிக்கு வாடை வரும். அதனால் ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் அரைக்க வேண்டும். இருப்பு வைத்தவருக்குக் கைச்செலவுக்குப் பணம் வேண்டுமே என்றால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பொருளீட்டுக் கடன் இருக்கிறது. சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் தவணைக்குக் கிடைக்கும்.

கூலி ஆள் விஷயமும் உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரி விதைப்பும் களையெடுப்பும் நடக்கும்போது வெடி ஆபீஸ்களில் தீபாவளி வேலை உச்சத்தில் இருக்கும். அந்தக் கூலிக்கு நம் காட்டில் ஆள் வராது. விதைப்புக் கருவியைக் குழுவாக வாங்கி வாடகைக்கு விட்டால் அதுவே ஒரு தொழில். தீபாவளி முடிந்து ஆபீஸ்கள் சில வாரம் பூட்டியிருக்கும்போது பெண்களுக்குச் சம்பளம் இருக்காது. முந்தைய மகசூலில் இருப்பு வைத்த தானியத்தைச் சலித்து, அரைத்து, பொட்டலம் போடும் வேலையை அந்த வாரங்களுக்கு வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. நெருப்பில்லாத வேலை என்பது கூடுதல் லாபம்.

பணத்துக்கு: விவசாயிகள் 10 பேர் சேர்ந்தாலே உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதியலாம். மத்திய அரசின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் தனிநபருக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்ச ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. அது வங்கிக் கடனோடு சேர்ந்தது என்பதை மறக்கவேண்டாம். இப்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு மனு எழுதுங்கள்.

உலர்களத்துக்குத் தனியார் பணம் தேவையில்லை. 100 நாள் வேலைத் திட்டத்தில் கட்டிய ஊராட்சிகள் தமிழ்நாட்டில் உண்டு. ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அக்டோபர் 2 கூட்டத்தில் ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பற்றிப் பேசுவார்கள். அன்றைக்குக் கூட்டமாகப் போய்க் கோஷம் போடுவதைவிட, எத்தனை பேர் எத்தனை ஏக்கரில் என்ன விதைத்தார்கள் என்ற பட்டியலோடு போவது நல்லது. களத்துக்குக் காட்டும் புறம்போக்கு இடத்தின் சர்வே எண் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எண் இல்லாத தீர்மானத்தை ஒன்றிய அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.