புயல்தான் வலுவிழந்தது, ஆபத்து அல்ல

“புயல் வலுவிழந்தது” என்று செய்தி வந்ததும் ஊர் மூச்சு விடுகிறது. கடைகள் திறக்கின்றன, கூலி வேலைக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். மணலி புதுநகர் மக்களுக்கு அந்தச் செய்திக்குப் பிறகுதான் சோதனையே தொடங்குகிறது.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைச் சூறையாடிய ‘டிட்வா’ புயல், சென்னைக்கு அருகே வரும்போது வலுவிழந்திருந்தது. ஆனால் கரையோரக் கடலிலேயே தயங்கி நின்றது. டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் எண்ணூரில் 26 செ.மீ. மழை, மணலி புதுநகரில் 20 செ.மீ.க்கும் மேல். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 இரவு புயலே இல்லை. மணலியில் இடியுடன் கொட்டியது 27 செ.மீ.

‘புயல்’ என்பது காற்றின் வேகத்துக்குச் சூட்டும் பெயர். மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால் புயல். அதற்குக் கீழே இறங்கினால் தாழ்வு மண்டலம். காற்று தணிந்தாலும் மேகத்தின் ஈரம் தணிவதில்லை. இடிமேகம் திரண்டால் திடீர்ச் சூறைக்காற்றும் மின்னலும் சேர்ந்து வரும். 2022இல் மட்டும் நாட்டில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தருகிறது.

அந்த மழையில் வெளியே நிற்பவர் யார்? சாக்கடை அடைப்பு எடுக்கும் தூய்மைப் பணியாளர், லாரியில் சுமை ஏற்றுபவர், வயலில் நாற்று நடும் பெண்கள். இவர்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. சேரியும் காலனியும் பள்ளத்தில் அமைந்ததும் தற்செயல் அல்ல. மேட்டு நிலம் யாருக்கு என்பதைச் சாதிதான் முடிவு செய்தது.

2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பகுதியில் நிவாரணத்திலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 61ஆம் பிரிவு, நிவாரணம் வழங்குவதில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. மாணவர்களே, உங்கள் தெருவுக்காக மனு எழுதும்போது இந்தப் பிரிவை எண்ணோடு குறிப்பிடுங்கள்.

இடிச் சத்தம் கேட்டால் உறுதியான கட்டடத்துக்குள் போவோம். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே வெளியே வருவோம். வெள்ளம் சூழ்ந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநகராட்சி 1913.

அரசிடம் நாம் கேட்பது ஒன்றே: எச்சரிக்கை விலகும்வரை திறந்தவெளி வேலைக்குக் கூலியோடு விடுப்பு. அன்றைய கூலிக்காக மின்னலுக்குக் கீழே நிற்கும் கட்டாயம் யாருக்கும் வேண்டாம்.