வாக்களிக்க மறுப்பதும் அதன் விலையும்



தேர்தல் நாளன்று வாக்குச் சாவடிக்குச் செல்லாதோர் எல்லோரையும் சோம்பேறிகள் எனக் கருதுதல் பொருந்தாது. எவர் வென்றாலும் தம் வாழ்வு மாறாதெனச் சலித்தவர் ஒரு சாரார். வேட்பாளர் எவரும் தம் மனத்துக்கு ஒவ்வாதவர் என்போர் மற்றொரு சாரார். தேர்தலின் அடிப்படையையே ஏற்க மறுப்போர் மூன்றாம் சாரார். இம்மூன்றாம் வகைக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியல் திட்டம் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிரம்பிய ஆடவரும் பெண்டிரும் வாக்குரிமை பெற்றனர். ஆயினும் நிதி, நீதி, வெளிவிவகாரம் ஆகியன தேசாதிபதிக்குக் கீழ்ப்பட்ட உத்தியோகத்தர் மூவரிடமே இருந்தன. பூரண சுயராச்சியத்தை வேண்டிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், இக்குறையைச் சுட்டித் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு கேட்டது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய 4 தொகுதிகளில் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. வாக்களிக்க விரும்பியவர்க்கும் அவ்வாய்ப்பு இல்லாது போயிற்று.

நாட்டின் ஏனைய பகுதிகளிலோ தேர்தல் நடந்தது. அரசாங்க சபை கூடியது. 7 நிருவாகக் குழுக்கள் அமைந்தன. அவற்றின் தலைவர்கள் அமைச்சர்களாயினர். அந்நான்கு தொகுதிகளின் சார்பில் அங்கே பேச எவருமிலர். பகிஷ்கரிப்பைக் கைவிட வேண்டுமென்ற குரல் யாழ்ப்பாணத்திலேயே எழுந்தது. 1934இல் இடைத்தேர்தல் நடந்த பின்னரே அவ்வாசனங்கள் நிரம்பின.

இதனால் நாம் அறிவது யாது? அன்று மறுத்தவர்கள் தம் காரணத்தைப் பகிரங்கமாக உரைத்தனர். ஆதலின் அவர்தம் மறுப்பை வரலாறு மறுப்பென்றே அறிகின்றது. தனியொருவர் வாளா வீட்டிலிருந்தால், அது எதிர்ப்போ, சலிப்போ, காய்ச்சலோ என எவர் அறிவார்? எண்ணப்படுவன பெட்டியில் இட்ட சீட்டுகளே; இடாத சீட்டின் பொருளைக் கேட்பார் இல்லை. சபையும் அதற்காகக் காத்திருப்பதில்லை.

இலங்கையில் வாக்களித்தல் சட்டத்தாற் கட்டாயமாக்கப்படவில்லை. ஆகவே வாக்களியாதிருத்தலும் குடிமக்களுக்கு உள்ள உரிமையே. எனினும் அவ்வழியை நாடுவோர் இரண்டைக் கருதுதல் நன்று. தம் காரணத்தைப் பலரறியக் கூறுதல் ஒன்று. வெறுமையாகும் ஆசனத்தின் விலையைத் தாம் மட்டுமன்றித் தம் அயலவரும் கொடுக்க நேரிடும் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்தல் மற்றொன்று.