கொழுப்பணுவும் காலரா விஷமும்

ஏகாதசி உபவாசம் இருப்பவர் காலையில் லேக் மார்க்கெட் வரை நடந்து சென்று காய்கறி வாங்கி வருகிறார். மாலையில் பூஜையும் செய்கிறார். வயிற்றில் அன்னம் இல்லை. இத்தனைக்கும் வேண்டிய சக்தி எங்கிருந்து வருகிறது? ஈரலில் சேமித்துள்ள சர்க்கரைச் சத்து ஏறக்குறைய ஒரு நாளைக்கே போதும். அது குறையக் குறைய நம்மைத் தாங்குவது, பூஜை விடுமுறையில் லூச்சியும் சந்தேஷும் உண்டு நாம் சேர்த்துக்கொண்ட கொழுப்புத்தான்.

சர்க்கரை ஒரு கிராமுக்கு நான்கு கலோரியும், கொழுப்பு ஒன்பது கலோரியும் தரும். ஆகவே சேமிப்புக்கு உகந்தது கொழுப்பே. கொழுப்பணு ஒவ்வொன்றிலும் அது ஒரு பெருந்துளியாகத் தங்குகிறது. ஆனால் இருந்த வடிவிலேயே வெளியேற அதனால் இயலாது. கிளிஸரால் என்னும் பொருளுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்ததே கொழுப்பு. அப்பிணைப்புகளை வெட்டினால்தான் அமிலங்கள் இரத்தத்தில் கலந்து தசைகளையும் இதயத்தையும் அடையும். வெட்டும் வேலையைச் செய்வது லைபேஸ் என்னும் என்ஸைம். உண்மையில் மூன்று என்ஸைம்கள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட லைபேஸே முதல் வெட்டையும் செய்வதாக நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அதைச் செய்வது வேறொரு லைபேஸ் என்பது 2004-ஆம் ஆண்டில்தான் தெரிய வந்தது.

இவை எந்நேரமும் கட்டவிழ்த்து விடப்படுவதில்லை. கொழுப்புத் துளியைச் சுற்றிப் பெரிலிப்பின் என்னும் புரதம் காவல் நிற்கிறது. பசியிலோ, உழைப்பிலோ, அச்சத்திலோ அட்ரினலின் வந்து அணுவின் வெளிப்புறத்தைத் தொட்டதும், உள்ளே ஸைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுவன் பிறக்கிறான். அவன் ஏவலால் காவல் விலகுகிறது. லைபேஸ் துளியை அணுகுகிறது. இத்தூதுவனைக் கண்டறிந்த அமெரிக்கரான ஸதர்லாந்துக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கதையில் கொல்கத்தாவுக்கும் இடமுண்டு. இந்நகரின் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சம்பு நாத் தே, காலராக் கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவமே முயலின் குடலில் நீரைப் பெருகச் செய்வதை 1959-இல் வெளியிட்டார். கிருமியன்று, அது சுரக்கும் விஷமே பேதிக்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. அவர் வாழ்ந்த நாளில் அதற்கேற்ற பெருமை அவருக்குக் கிட்டவில்லை என்பதே என் எண்ணம்.

1970-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் அவ்விஷத்தை எலியின் கொழுப்பணுக்களில் இட்டுப் பார்த்தனர். கிளிஸரால் மிகுதியாக வெளிவந்தது! கொழுப்பணு கிளிஸராலைத் திரும்பப் பயன்படுத்துவது மிகக் குறைவு. எனவே அது வெளிவரும் அளவே கொழுப்புச் சிதைவின் அளவு. குடலில் நீரைப் பெருக்கியதும், இங்கே கொழுப்பைச் சிதைத்ததும் ஒரே தூதுவன்தான். அத்தூதுவனை உண்டாக்கும் விசையை விஷம் ஓயாமல் அழுத்தி வைக்கிறது. அப்படியாயின் காலரா நோயாளியின் கொழுப்பெல்லாம் கரைந்துவிடுமோ என்று கேட்கலாம். விஷம் குடற்சுவரோடு நின்றுவிடுவதால் அவ்வாறு நேர்வதில்லை.

மனிதக் கொழுப்பணுவிலும் தூதுமுறை இதுவே. உணவு உண்டதும் சுரக்கும் இன்ஸுலின், தூதுவனை அழித்து லைபேஸை அடக்குகிறது. இன்ஸுலின் அற்றுப்போன நீரிழிவில் இந்த அடக்கம் இல்லை. கொழுப்பு அமிலங்கள் வெள்ளமாக ஈரலுக்குப் பாய, ஈரல் அவற்றைக் கீட்டோன்களாக மாற்றுகிறது. இரத்தம் புளிப்பேறி, மயக்கமும் சில வேளை மரணமும் நேர்கின்றன. ஆதலால் இன்ஸுலின் போட்டுக்கொள்வோர், உணவு குறைந்த நாளிலும் அதைத் தாமாக நிறுத்தலாகாது. எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.