நாணய மோசடிக்காரர் காப்பாற்றிய கன்னிமாடம்

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியில் லேகாக் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு பெரிய மாளிகை நிற்கிறது. மாடியில் பிரபுக்கள் வாழ்ந்த கூடங்கள். கீழே கன்னியாஸ்திரீகள் ஜெபம் செய்த மண்டபங்கள்!

இந்த மடத்தை 1232-ல் நிறுவியவர் எலா சீமாட்டி. கணவரை இழந்தவர். ஷெரீப் பதவி வகித்து வில்ட்ஷயரை நிர்வாகம் செய்தவர். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது லேசான காரியமா? பிறகு எல்லாவற்றையும் துறந்து, இங்கேயே கன்னியாஸ்திரீ ஆனார். மடத்தின் தலைவியாகவும் இருந்தார்.

நடுவே சதுர முற்றம். சுற்றிலும் கல் வளைவுகள் தாங்கும் தாழ்வாரம். அதை ஒட்டிக் 'கணப்பு அறை'. எலும்பை நடுக்கும் குளிரிலும் அறைக்கு அறை தீ மூட்ட அனுமதி இல்லை. கன்னியாஸ்திரீகள் இங்கே வந்துதான் குளிர் காய வேண்டும். 1500-ல் வார்த்த பெரிய கொப்பரை ஒன்று இந்த அறையில் இருக்கிறது. ஹாரி பாட்டர் படம் பார்த்த குழந்தைகளுக்கு இந்த அறை தெரிந்திருக்கும்!

மன்னர் 8-ம் ஹென்றி போப்பாண்டவருடன் பகைத்துக்கொண்டார். மடங்களை மூடிச் சொத்துக்களைப் பறித்தார். 1539-ல் லேகாக்கின் முறை வந்தது. கன்னியாஸ்திரீகளுக்குப் பென்ஷன் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். 300 ஆண்டு ஜெபம் நின்றது.

எத்தனையோ மடங்களைக் கல்லுக்காகவும் ஈயத்துக்காகவும் இடித்துவிட்டார்கள். லேகாக்கை வாங்கியவர் வில்லியம் ஷாரிங்டன். விலை 783 பவுன். அவரும் தேவாலயத்தை இடித்தார். ஆனால் அதன் ஒரு பக்கச் சுவரை விட்டுவைத்தார். தாழ்வாரத்தையும் கீழ் அறைகளையும் தொடவில்லை. மாடியை மட்டும் வீடாக மாற்றிக்கொண்டார். புதிதாகக் கட்டுவானேன் என்று நினைத்தாரோ என்னவோ! விலை உயர்ந்த பொருள்களை வைக்க எண்கோணக் கோபுரம் ஒன்றும் கட்டினார்.

அந்தப் பொருள்கள் நேர்வழியில் வந்தவைதானா? பிரிஸ்டல் நாணயச் சாலையில் அதிகாரியாக இருந்த அவர், நாணய மோசடி செய்து 1549-ல் பிடிபட்டார். சொத்து பறிபோயிற்று. பிறகு மன்னிப்புக் கிடைத்தது. பணம் கட்டி லேகாக்கை மீட்டார்.

இடியாமல் நின்ற அந்தத் தேவாலயச் சுவரில் பிற்காலத்தில் சன்னல்கள் வைத்தார்கள். 1835 ஆகஸ்டில், அந்த வீட்டுக்காரரான ஹென்றி பாக்ஸ் டால்பட் ஒரு சன்னலுக்கு எதிரே சிறிய மரப்பெட்டியை வைத்தார். உள்ளே ரசாயனம் பூசிய காகிதம். தபால் தலை அளவுக்கு ஒரு படம் விழுந்தது! இன்று மிஞ்சியுள்ள காமிரா நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான். பூதக்கண்ணாடியால் பார்த்தால் சன்னலின் சுமார் 200 கண்ணாடித் துண்டுகளையும் எண்ணலாம் என்று டால்பட் குறித்து வைத்தார். இப்போது படம் மங்கிவிட்டது.

டால்பட்டின் பேத்தி மட்டில்டா, 1944-ல் மாளிகையையும் ஊரையும் நேஷனல் டிரஸ்டுக்குத் தானமாகக் கொடுத்தார். பொதுமக்கள் உள்ளே சென்று பார்க்கலாம். அந்தச் சன்னல் அதே சுவரில் இருக்கிறது.